நாலு பேர் வாங்கிய செவ்வாய்க்கிழமை

4 மார்ச், செவ்வாய்

ஆறே முக்காலுக்கு எழுந்தேன். ஏழு மணிக்குக் கம்பெனிகளின் அறிவிப்புகள் வெளியாகும். அதற்குள் தேநீர் கையில் இருக்க வேண்டும். கடைகளை விற்று ஆறு வருஷமாகிறது, ஷட்டர் தூக்கும் நேரத்துக்கு உடம்பு இன்னும் தானாக எழுந்துகொள்கிறது. மூன்று திரைச்சீலைக் கடை நடத்திய உடம்பு. ஓய்வு என்றால் அதற்குப் புரிவதில்லை.

ஸ்வேல்கார்த் பங்கு மறுபடி இறங்கியிருக்கிறது. 108 பென்ஸ். நான் வாங்கியது 140-ல். சமையலறை அலமாரிக் கதவு செய்கிற கம்பெனி. மரத்தைத் தட்டிப் பார்த்து, கீலைத் திருகிப் பார்த்துத்தான் பணம் போட்டேன். கதவில் ஒரு குறையும் இல்லை. கதவு நன்றாக இருந்தால் கம்பெனியும் நன்றாக இருக்கும் என்று யார் சொன்னார்கள்?

மழை. முழங்கை வலி.

11 மார்ச், செவ்வாய்

இன்று காலை ஸ்வேல்கார்த்திலிருந்து நாலு அறிவிப்பு, ஒன்றன்பின் ஒன்றாக. சேர்மன், தலைமை நிர்வாகி, இன்னும் இரண்டு இயக்குநர்கள் – நாலு பேரும் சொந்தப் பணத்தில் கம்பெனிப் பங்கு வாங்கியிருக்கிறார்கள். ஆளுக்கு இருபத்தைந்தாயிரம் பவுண்ட்.

பத்து மணிக்குள் விலை 113. உள்ளே இருப்பவனே வாங்குகிறான் என்றால் வெளியே நிற்பவனுக்குத் தெம்பு வரத்தானே செய்யும். எனக்கும் வந்தது. பொய் சொல்லவில்லை.

ஆனால் என் பழைய கணக்கு ஒன்று உண்டு. வாங்கிய தொகையை அவர்கள் சம்பளத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். தலைமை நிர்வாகிக்கு வருஷம் நாலரை லட்சம். இருபத்தைந்தாயிரம் அவருக்கு மூன்று வாரச் சம்பளம். வலிக்காத பணம். நாலு பேருக்கும் ஒரே தொகை, ஒரே நாள் – அது ஏன்? ஆசைப்பட்டு வாங்குகிறவன் ஆளுக்கொரு அளவில்தானே வாங்குவான்?

இன்னொன்று. கம்பெனியின் பணப்பெட்டி சாவி நிதி இயக்குநர் திருமதி லோமாக்ஸ் கையில். அவர் ஒரு பங்கும் வாங்கவில்லை.

இதெல்லாம் கண்ணில் பட்டது. பட்டும், நல்லதை மட்டும் எடுத்துக்கொண்டேன். கையில் சரக்கு வைத்திருப்பவளுக்கு அப்படித்தான் படிக்கத் தோன்றும்.

12 மார்ச், புதன்

நெவில் போன் செய்தான். என் கணவர் ரானுடைய தம்பி, முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவன். நான் எதை வாங்கினாலும் தானும் கொஞ்சம் வாங்குவான். ஸ்வேல்கார்த்தில் ஐயாயிரம் வைத்திருக்கிறான்.

"லொரேன், தூக்கமே வரல. வித்துடட்டுமா?"

"நாலு பெரிய மனுஷங்க வாங்கியிருக்காங்க, பாத்தியா?"

"அவங்களை விடு. நீ என்ன பண்ணப்போற?"

போனில் பேசிக்கொண்டே இரண்டாயிரத்துக்கு வாங்கினேன். "இப்பதான் இன்னும் கொஞ்சம் போட்டேன்" என்றேன். எவ்வளவு என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"அப்ப சரி கண்ணு" என்று வைத்துவிட்டான். குரலே மாறிவிட்டது.

அவன் தூங்கட்டும் என்றுதான் வாங்கினேன்.

20 மார்ச், வியாழன்

நெவில் மனைவி ஜானிஸுக்கு முட்டி மோசமாகிவிட்டது. இப்போது உட்கார்ந்துகொண்டே ஒவ்வொரு படியாக மாடியிலிருந்து இறங்குகிறாள். ஹோம்ஃபெர்த் சாலையில் மாடிப்படியே இல்லாத சின்ன வீடு பார்த்திருக்கிறார்கள். ஜூலையில் கையெழுத்து. இருக்கிற வீட்டை விற்றாலும் நாற்பதாயிரம் குறைகிறது. நெவில் தன் பென்ஷன் மொத்தத் தொகையை அதற்கு என்று வைத்திருந்தான்.

வைத்திருந்தான். அதிலிருந்து முப்பத்திரண்டாயிரத்தை எடுத்து ஸ்வேல்கார்த்தில் போட்டிருக்கிறான். "ஜூலை வரைக்கும் சும்மாதானே கிடக்கும்" என்று சொல்லிச் சிரிக்கிறான்.

"யாரைக் கேட்டுப் போட்ட?"

"நீயே போட்டியே."

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

21 மார்ச்

114. ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை.

16 ஏப்ரல், புதன்

புது வீட்டுக்குத் திரைச்சீலை நான் தைத்துக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன். இன்று ஜானிஸோடு போய் அளவெடுத்தேன். படுக்கையறை ஜன்னல் தோட்டத்தைப் பார்த்து இருக்கிறது. அவள் கைத்தடியை ஓரமாக வைத்துவிட்டு அறைக்கு அறை நடந்தாள், ஓர் இடத்தில்கூடச் சுவரைப் பிடிக்கவில்லை.

"லொரேன், இங்க காலைல தேத்தண்ணி போட நானே எழுந்து போவேன், பாரு. முப்பது வருஷமா அவன் போடற கழுநீரைக் குடிச்சாச்சு."

கடுகு மஞ்சளில் கனமான துணி. வெட்டிவிட்டேன்.

8 மே, வியாழன்

லீட்ஸில் ஸ்வேல்கார்த்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம். ரயில் நாற்பது நிமிஷம் தாமதம். ஓட்டல் அறையில் எங்களைப் போன்ற சில்லறைப் பங்குதாரர்கள் பதினொரு பேர். பாதிப் பேர் சாண்ட்விச்சுக்காக வருகிறவர்கள். மேடையில் எல்லாம் நல்லபடி, எதிர்பார்த்தபடி என்றார்கள்.

கூட்டம் முடிந்து தேநீர் மேசையருகே திருமதி லோமாக்ஸ் தனியாக நின்றார். ஐம்பது வயதிருக்கும். பல நாள் தூக்கம் பாக்கியிருக்கும் முகம். நேராகவே கேட்டேன்.

"மார்ச்ல மத்தவங்க நாலு பேரும் வாங்கினாங்க. நீங்க ஏன் வாங்கலை?"

"அவங்களுக்கு விதி இருக்குங்க. இவ்வளவு மதிப்புக்குப் பங்கு கையில இருந்தே ஆகணும். விலை விழுந்ததால அளவு குறைஞ்சுபோச்சு, நிரப்பினாங்க. ஆண்டறிக்கையிலயே போட்டிருக்கோமே. நான் போன வருஷம்தான் சேர்ந்தேன், எனக்கு அஞ்சு வருஷ அவகாசம்."

"அவகாசம் சரி. ஆசை?"

கோப்பையைக் கீழே வைத்தார். "என் பணத்துக்கு வேற வேலை இருந்ததும்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

திரும்பும் ரயிலில் ஆண்டறிக்கையைப் புரட்டினேன். 94ஆம் பக்கம். பொடி எழுத்தும் இல்லை, சாதாரண எழுத்துதான். கதவைத் தட்டிப் பார்த்தவள் இந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை.

வியாபாரம் மந்தமான புதன்கிழமைகளில் என் தங்கையைக் கூப்பிட்டுக் கடையில் துணி பார்ப்பது மாதிரி நிற்க வைப்பேன். காலிக் கடைக்குள் யாரும் நுழைய மாட்டார்கள். இந்த நாலு பேர் அப்படி வேஷம்கூடப் போடவில்லை. விதியில் இருந்ததைச் செய்தார்கள், மறைக்கவும் இல்லை. கடையில் கூட்டம் என்று நானாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

11 மே, ஞாயிறு

நெவில் வீட்டில் மதியச் சாப்பாடு. ஜானிஸ் அடுப்படியில் இருந்தபோது சொன்னேன்.

"வித்துடு நெவில். எல்லாத்தையும். நாளைக்கே."

"ஏன்? 118 ஆயிருக்கு. ஆயிரத்துச் சொச்சம் லாபத்துல இருக்கேன்."

"அந்த நாலு பேர் வாங்கினதுக்கு அர்த்தமே இல்ல. கட்டாயத்துக்கு வாங்கியிருக்காங்க."

உருளைக்கிழங்கைக் குத்தி எடுத்தபடி என்னையே பார்த்தான். "நீ வித்துட்டியா?"

"…இல்ல."

"அப்புறம் என்ன? மனுஷன் பேசுறதைக் கேக்காதே, வாங்குறதைப் பாருன்னு எனக்குச் சொன்னதே நீதானே? உன் கையில இன்னும் இருக்குல்ல?"

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும் – உன் வாயை அடைக்கத்தான் அன்று வாங்கினேன், வெறும் இரண்டாயிரம், என் மொத்தத்தில் அது ஒன்றுமே இல்லை என்று. ஜானிஸ் குழம்புக் கிண்ணத்தோடு வந்துவிட்டாள். சாக்குத்தான். அவள் வராவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன். புத்திசாலி லொரேன் என்ற பெயர் போய்விடுமே.

நான் முதலில் விற்றால் அவனும் விற்பான். அதுதான் வழி.

12 மே

118. 120 வந்தால் விற்கலாம்.

14 மே

119. நாளை வரும்.

16 மே

118½. இரண்டு பென்ஸுக்காக ஒரு வாடிக்கையாளரையும் நான் திருப்பி அனுப்பியதில்லை. இங்கே மட்டும் என்ன பிடிவாதம்? திங்கட்கிழமை விற்றுவிடுவேன், விலை எதுவானாலும்.

19 மே, திங்கள்

ஏழு மணி. ஸ்வேல்கார்த் – லாப எச்சரிக்கை. இந்த வருஷ லாபம் எதிர்பார்த்ததைவிட வெகுவாகக் குறையுமாம். வீடு கட்டும் பெரிய கம்பெனி ஒன்று ஒப்பந்தத்தை நிறுத்திவிட்டதாம், கடன் கொடுத்த வங்கியோடு பேச்சு நடக்கிறதாம்.

எட்டு மணிக்குச் சந்தை திறந்தபோது 41.

நெவில் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை.

22 மே, வியாழன்

போனேன். அவன் தோட்டத்தில் ஒன்றும் செய்யாமல் நின்றுகொண்டிருந்தான். செவ்வாய்க்கிழமையே எல்லாவற்றையும் விற்றுவிட்டானாம். முப்பத்திரண்டு போட்டதில் பன்னிரண்டு திரும்ப வந்தது. அந்த வீடு போய்விட்டது. வேறு யாரோ ரொக்கத்தோடு வருகிறார்களாம்.

"நாலு பேர் சேர்ந்து வாங்கினாங்களே, லொரேன்" என்றான். அதையே திரும்பத் திரும்ப.

சொல்லிவிட்டேன். இரண்டாயிரம். உன்னைத் தூங்க வைக்க. வேறெதுக்கும் இல்லை.

வாசலில் ஜானிஸ் நின்றதை நான் பார்க்கவில்லை. "ரெண்டாயிரமா? அது உன் கைப்பையில கிடக்கற சில்லறைடி. அதை நம்பி இந்த மடையன் என் படுக்கையறையைத் தூக்கிக் குடுத்தான்."

குறையும் பணத்தை நான் தருகிறேன் என்றேன். மனசோடுதான் சொன்னேன். "வேண்டாம்" என்றாள். "அப்புறம் நீ வரும்போதெல்லாம் நான் சிரிச்சுக்கிட்டே இருக்கணும்."

அவள் சொன்னது சரி. சரி என்பதுதான் தாங்கவில்லை.

3 ஜூன்

என்னுடையதை விற்றுவிட்டேன். 38. முன்னால் செய்திருக்க வேண்டியது.

9 ஜூன்

ஜானிஸே போன் செய்தாள். கட்டிலைக் கீழே முன்னறைக்கு இறக்கிவிட்டார்களாம். "தெருவுல போறவன் எல்லாம் நான் தூங்கறதைப் பாக்குறான். அந்த மஞ்சக் கர்ட்டனை என்ன பண்ணின?"

"இருக்கு."

"கொண்டா."

வைத்துவிட்டாள்.

24 ஜூன், செவ்வாய்

ஏழு மணிக்குப் பழக்கத்தில் பார்த்தேன். ஸ்வேல்கார்த்: திருமதி லோமாக்ஸ் பங்கு வாங்கியிருக்கிறார். ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பவுண்டுக்கு, 39-ல். அவருக்கு இன்னும் நாலு வருஷ அவகாசம் இருக்கிறது, ஒருவரும் கட்டாயப்படுத்தவில்லை. அரை வருஷச் சம்பளம். இது வலிக்கிற பணம்.

கம்ப்யூட்டரை மூடி வைத்தேன்.

பத்து மணிக்கு நெவில் வீடு. புது வீட்டு ஜன்னலுக்கு வெட்டிய துணி, இந்தப் பெரிய ஜன்னலுக்கு ஓர் அடி குறைகிறது. கீழே மிச்சத் துணியை ஒட்டுப் போட்டுத் தைத்திருந்தேன். ஒட்டு தெரியத்தான் செய்யும். தெரியாமல் தைக்க எனக்குத் தெரியும், துணிதான் போதவில்லை. ஜானிஸ் கட்டிலில் உட்கார்ந்து இடது பக்கம் தூக்கியிருக்கிறது, வலது பக்கம் தொங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நெவில் ஏணிமேல் கம்பியைப் பிடித்திருந்தான்.

"அந்தம்மா வாங்கியிருக்காங்களாமே" என்றான், என்னைப் பார்க்காமல்.

"ஆமா."

"நான் வித்தது தப்பா?"

வாயில் குண்டூசிகள் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தி முடித்தேன்.

"தெரியல, நெவில்."

"நீ வாங்கப்போறியா?"

"கம்பியை நேராப் பிடி" என்றாள் ஜானிஸ்.