மதகின்மேல் அரசமரம்

உத்திரமேரூர் வட்டம்,
6-11-1978

அன்புள்ள மார்த்தாளுக்கு,

சுலோச்சனா எழுதுவது. வேலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பழகியிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே உன் அப்பாவும் அம்மாவும் நலம். இன்றுவரை நலம்.

ஏரி நிரம்பிவிட்டது. மதகுச் சுவரில் முளைத்த அரசங்கன்று உனக்கு நினைவிருக்கும். நீ ஊரைவிட்டுப் போகும்போது இடுப்பளவு இருந்தது, இப்போது ஆளைவிட உயரம். போன வருடம் மழை பொய்த்ததும் ஊர்கூடி அதன் பக்கத்தில் ஒரு வேப்பங்கன்றை நட்டு, இரண்டுக்கும் தாலி கட்டிக் கல்யாணம் செய்துவைத்தார்கள். சுற்றிலும் மண்மேடை போட்டார்கள். வேர் சுவரைப் பிளந்துகொண்டு போன இடமெல்லாம் மேடைக்குள் மறைந்துபோயிற்று. இந்த வருடம் மழை கொட்டியது. இனி அந்த மரத்தில் கத்தி வைக்க யார் துணிவார்கள்?

ஏரியைப் பார்க்க வந்த பொதுப்பணித்துறை மேஸ்திரி, மரத்தை வெட்டச் சொன்னார். அதற்கு முந்தின நாள்தான் எங்கள் நைனா அதன் லத்தீன் பெயரை என்னிடம் கேட்டிருந்தார். ஃபைகஸ் ரிலிஜியோசா. முதல் சொல்லுக்கு அத்தி என்று பொருள். நம் ஜனங்கள் கும்பிடும் மரம் என்பதால் மதத்தைக் குறிக்கும் இரண்டாவது சொல். அது எதிலிருந்து பிறந்தது என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. இறுக்கிக் கட்டுதல் என்கிறார்கள் சிலர், திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தல் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டையும் சொன்னேன். நைனா ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"எங்க பாப்பா காலேஜ்ல படிச்சிது. லத்தீன்லயே இதுக்கு இறுக்கிக் கட்றதுன்னு அர்த்தமாம். வேரு செவுத்தக் கட்டிப் புடிச்சிக்கினு கீது, இன்னாத்துக்கு வெட்டணும்?" என்றார். ஊரே தலையாட்டியது. "புதுப் பொண்ணு மாப்பிளயப் பிரிக்கிற பாவம் எனக்கு இன்னாத்துக்குப்பா?" என்று சிரித்துக்கொண்டே மேஸ்திரி சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

நான் தினமும் போய்ப் பார்க்கிறேன். கரையின் வெளிப்பக்கம், மதகுக்குச் சற்றுக் கீழே நீர் கசிகிறது. முதலில் தெளிவாக வந்தது. நேற்றிலிருந்து மண்ணோடு கலங்கி வருகிறது. கரை உள்ளுக்குள் அரிபடுகிறது, மார்த்தா. அதற்கு நேர் கீழே உங்கள் வீடு.

"புக்கு படிச்சிப் படிச்சி பயந்துக்கினு கீற" என்கிறார் நைனா. உன் அம்மாவிடம் போனேன். "எங்க போறது சொல்லு பாப்பா? மேட்டுத் தெருவுல எங்களுக்கு யாரு வூடு குடுப்பா?" என்று கேட்டார். எங்கள் வீட்டின் பின்கட்டு காலியாகத்தான் கிடக்கிறது. நைனாவிடம் கேட்டேன். அவர் சோற்றுக் கையோடு எழுந்து போய்விட்டார்.

அதனால் உன்னிடம் கேட்கிறேன். உனக்கு உடம்பு மிக மோசம், உடனே புறப்பட்டு வரவும் என்று உன் அப்பாவுக்குத் தந்தி கொடு. பொய்தான். அந்தப் பொய்க்கு மட்டும்தான் அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவார்கள். தந்தி வேலூரிலிருந்து வந்தால்தான் நம்புவார்கள். இங்கிருந்து உனக்கு நான் தந்தி அடித்தால், தபால்காரர் முதலில் நைனாவிடம்தான் வாசித்துக் காட்டுவார். அதனால்தான் கடிதம்.

எனக்குப் பதில் எழுதாதே. இதைப் படித்ததும் தபாலாபீசுக்குப் போ. இங்கே மறுபடி தூறல் ஆரம்பித்துவிட்டது. நீ ஜெபிக்கும் கர்த்தரும் எங்கள் சுந்தரவரதரும், உன் தந்தி வந்து சேரும்வரையாவது, அந்தக் கரையைப் பிடித்து நிறுத்தட்டும்.

உன்,
சுலோச்சனா