கும்மட்டத்துக் குரல்

ஜனவரி 8

என் தங்க மருமகளுக்கு,

மாமா இங்கே சிங்கம் மாதிரி இருக்கிறேன். நீயும் சின்னவனும் சௌக்கியமா?

முந்நூறு வருஷத்துப் பிரார்த்தனைக் கூடம், நம்ம சின்னவன் மாதிரிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமாகிறது. மேஸ்திரி யார்? உன் மாமன்! இன்ஜினியர் என்னைக் கேட்டுத்தான் தும்முகிறார். கூரையாகக் கவிழ்ந்திருக்கும் கும்மட்டத்துக்கு அடியில் நின்று "டேய்" என்றால், கடவுளே நம்மை "டேய்" என்கிற மாதிரி இருக்கும். சின்னவனுக்கு இடம் பேசிவிட்டேன். திறப்பு விழாவுக்கு வந்துவிடு.

உன் ஒரே தாய்மாமன்

ஜனவரி 15

அன்புள்ள மாமா,

இடம் கிடைத்ததே பெரிய விஷயம். இங்கே எல்லாப் பள்ளிக்கூடத்திலும் கதவைச் சாத்திவிட்டார்கள். ஆனால் அந்த எதிரொலியைச் சின்னவன் தாங்க மாட்டான். மிக்சி ஓடினாலே கட்டிலுக்கடியில் போய்விடுகிறான். பேச்சும் இல்லை, எப்போதாவது காதில் விழுந்ததை அப்படியே திருப்பிச் சொல்வான், அவ்வளவுதான். சத்தத்தை உறிஞ்சும் பஞ்சுப் பலகைகளை முதலிலேயே மாட்டிவிடுவீர்கள்தானே?

மருமகள்

ஜனவரி 22

தங்கமே,

மாட்டியாச்சு! குண்டூசி விழுந்தால் குண்டூசிக்கே கேட்காது. தைரியமாகக் கூட்டி வா.

மாமா

பிப்ரவரி 20

மருமகளுக்கு,

மூன்று கடிதம் போட்டும் பதில் இல்லை. கோபம் நியாயம்தான்.

பலகைகள் திறப்பு விழா அன்றைக்குப் பின்கட்டில் மூட்டையாகத்தான் கிடந்தன. விழாவில் என்னையும் பேசச் சொன்னார்கள். என் குரல் அந்தக் கும்மட்டத்தில் ஒரு தடவை முழங்கட்டும், மறுநாள் மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். "பெரியோர்களே" என்றதும் சின்னவன் அலறினான். அந்த அலறலையும் கும்மட்டம் பெரிதாக்கி அவன் மேலேயே போட்டது. நீ செருப்பைக்கூட விட்டுவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாய்.

மேடையில் ஒருவர், "யார் வீட்டுப் பையன்?" என்றார். "யாரோ வீட்டுப் பிள்ளை" என்றேன். கையில் மைக் இருந்தது. உன் காதில் விழுந்ததா?

இப்போது நிஜமாகவே மாட்டிவிட்டேன். நாற்பதடி ஏணியில் நானே ஏறினேன். சரி, இருபதடி. கீழே ஒருவன் பிடித்துக்கொண்டான். உன் செருப்பைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

மாமா

மார்ச் 2

மாமா,

விழுந்தது. அவன் காதிலும் விழுந்தது. "அம்மா" என்றுகூடச் சொல்லாதவன், அன்றிலிருந்து சாப்பிடும்போதும் தூங்கப் போகும்போதும் அதையே சொல்கிறான்: "யாரோ வீட்டுப் பிள்ளை, யாரோ வீட்டுப் பிள்ளை." உங்கள் குரலிலேயே.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் சேர்க்க வருகிறேன். வாசலில் இருங்கள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக, வேறு ஏதாவது சொல்லிக் கொடுங்கள். அவன் திருப்பிச் சொல்கிறவரைக்கும்.

உங்கள் மருமகள்