உங்கை, ஏழு பாகம் ஆழம்

எங்கள் ஆய்வுக்கென்று நீர் கடலடி மண் அள்ளி அடைத்த ஜாம் போத்தல்களில் கடைசியானதை இன்று காலை திறந்தேன். குப்பென்று அதே கடற்சேற்று மணம். "மூக்கைப் பொத்தாதையும், மணத்தையும் எழுதும்" என்று நீர் அதட்டுவீர் எனத் திரும்பிப் பார்த்தேன். ஐந்து நாள் காய்ச்சலில் நீர் போய் ஏழு மாதமாகிறது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மணலில் இரண்டு சொட்டு வினாகிரி விட்டேன். "பொங்கினால் சிப்பி, பேசாமல் கிடந்தால் கல்லு" என்பீர். பொங்கவில்லை. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் படிக மணல், கறுப்புத் துணிக்கைகள், நடுவே மாதுளை முத்து நிறத்தில் கார்னெட் மணிகள். லேபிளில் உம்முடைய கோழிக் கிறுக்கல்: "உங்கை, கொஞ்சம் வெளியாலை. ஏழு பாகம் ஆழம்." பாகம் என்பது வள்ளக்காரர் கணக்கு, ஏழென்றால் நாற்பது அடி சொச்சம். திகதிகூட இல்லை.

விசர் மனுசி, உங்கை என்றால் எங்கை?

இங்கை பேசுகிறவர் பக்கம், அங்கை இருவருக்கும் தூரம், உங்கை கேட்கிறவர் பக்கம்; நான் நின்ற இடம்தான் உமக்கு உங்கை. அது தெரியும். ஆனால் வள்ளம் ஆடினாலே எனக்குச் சத்தி வருமென்று என்னை இரண்டு நாள் கரையில் விட்டுப் போனீர். ஒருநாள் கீரிமலை, ஒருநாள் மணற்காடு. இது மணற்காட்டு மண் என்றால் அதிசயமில்லை, அந்தக் கரை முழுக்க இப்படித்தான். கீரிமலை என்றால் கடலடி மண் பற்றிய என் அறிக்கையே தலைகீழ். அங்கே அடியில் சுண்ணக்கல், மேலே சிப்பியும் பவளப்பொடியும். வற்றாத ஆறே இல்லாத குடாநாட்டுக்கு இந்தச் சிவப்பு மணி எந்த மலையிலிருந்து, எந்த நீரோட்டத்தில் வந்தது? வெள்ளிக்கிழமை அறிக்கை கொடுக்கவேண்டும். எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

உம்மை ஏற்றிப்போன குருநகர் வள்ளக்காரருக்குப் போன் எடுத்தேன். "ரெண்டு இடத்திலையும் ஏழு பாகத்திலை மண் அள்ளினவ, பிள்ளை. எந்தப் போத்தல் எதெண்டு நான் என்னெண்டு சொல்லுறது?" பிறகு அவரே, "கரையைக் காட்டி, உங்கை ஒருத்தி சத்திக்குப் பயந்து நிக்கிறாள் எண்டு சிரிச்சவ" என்றார்.

"எந்த நாள் அண்ணை?"

"ரெண்டு நாளும்தான்."

சிரித்தேன், பிறகு அழுதேன். வரைபடத்தில் உம்முடைய கடைசி மண்ணுக்கு நான் புள்ளி வைக்கவில்லை. "இடம் தெரியாது" என்று அடியில் எழுதினேன். நீர் சண்டை பிடிப்பீரோ, சரி என்பீரோ, அதுவும் தெரியவில்லை.

போத்தலை மூடி என் மேசையில் வைத்திருக்கிறேன். லேபிளை மாற்றவில்லை. நீர் இப்போது இருக்கும் இடத்தை அங்கை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. உங்கை என்றால்தான் கேட்க ஒரு ஆள் இருக்கும்.

உங்கை சுகமோ?