ஒரு பிடி கூடுதல் தீனி

வியாழக்கிழமை, இரவு

மகள் செல்வியின் ஒரு மாத வேலையை நான் பாழாக்கியது இன்றுதான் தெரிந்தது. மீன் தொட்டித் தண்ணீரை ஓடையில் விட்டாலும் அங்கே பாசி பிடிக்கக்கூடாது என்றுதான் கழிவு குறைந்த தீனி தயாரித்தாள். கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில், நான் தினம் தீனி போடும் மீன் பண்ணைக்கு இன்று அவள் வந்து பார்த்தால் தொட்டியே பச்சைப் பசேலென்று கிடக்கிறது.

"அப்பா, நான் அளந்து வச்சத மட்டுந்தானே போட்டீங்க?"

"அதுங்க வாயத் தொறந்துகிட்டு வந்துச்சும்மா. பாவமா இருந்துச்சு. தினம் ஒரு பிடி கூட..."

"ஐயோ அப்பா! இனி மொதல்லருந்து செய்யணும்."

எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு விஞ்ஞானம் தெரியாது, சரி. சொன்னதைக் கேட்கவுமா தெரியாது?

இரவு அவளே சோறு போட்டாள். இரண்டே கரண்டி. இன்னும் பசிதான். ஆனால் மீன்களைப் போல வாயைத் திறக்க எனக்குத் துணிவில்லை.