நீ சொன்ன ஐம்பத்திரண்டு கிலோ

காரின் பின்பெட்டியைத் திறந்தால் இன்னும் பாகான் லாலாங் கடற்கரை வாசம்தான். உப்பு, ஈர மணல், கூடவே நீ கொட்டிவிட்டு "நான் இல்லடி, சடார்னு பிரேக் போட்டது நீ" என்று சாதித்த மிளகாய்ச் சம்பல். போன சனிக்கிழமை பையிலிருந்து பட்டத்தை எடுத்தபோது அதன் துணியில் நீளமாக ஒரு கிழிசல். ஒட்டிப் பார்த்தேன், தாங்கவில்லை. புதிதாக ஒன்று வாங்க வேண்டும் என்று நினைத்ததுமே உன் ஞாபகம் வந்தது. வராமல் எங்கே போகும்?

போர்ட் கிள்ளான் ஆபீஸில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி நமக்கு. நீ பேசினால் கிடங்கில் லோரி ஏற்றுகிறவருக்கும் கேட்கும். நான் பேசினால் எனக்கே சரியாகக் கேட்காது. எங்கே போனாலும் எனக்கு ஒரே வசனம்: "நீங்க போங்க, நான் பையைப் பிடிச்சுக்கிறேன்." நீச்சல் குளம், ராட்டினம், திருவிழா, எல்லா இடத்திலும் மற்றவர்களின் கைப்பையும் செருப்பும் தண்ணீர் போத்தலுமாக ஓரத்தில் நிற்பேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் பாகான் லாலாங் போனபோது கடல் வெகுதூரம் வடிந்திருந்தது. மலாய்க்காரர் ஒருவர் பெரிய பட்டத்தைப் பிடித்தபடி, மூன்று சக்கர வண்டியில் தரையோடு தரையாக உட்கார்ந்து, இஞ்சின் இல்லாமலே விர்ரென்று போனார். வாய்க்குப் போன நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு என் கையிலேயே நின்றுவிட்டது. நீ அவரைப் பார்த்தாய், அப்புறம் என்னைப் பார்த்தாய். "எனக்கு இது வேணும்டி" என்றாய். உனக்கு வேண்டும் என்றால் வேண்டும்தான். அடுத்த மாதமே, ஊரைவிட்டுப் போகிற யாரிடமோ பழைய வண்டியை வாங்கிவிட்டாய்.

பட்டத்துக்குப் பூச்சோங்கில் ஒரு மாடிக்கடை. படியேறி மூச்சு வாங்க நின்ற உன் உருவத்தைப் பார்த்ததும் கடைக்காரர் ஐந்து மீட்டர் பட்டத்தை எடுத்து வைத்தார்.

"முதல் பட்டம்னா ஆளோட வெயிட்டையும் காத்தையும் பாத்துத்தான் எடுக்கணும்கா. பெருசா எடுத்தா ஆளைத் தூக்கி வீசிடும். சிறுசா எடுத்தா இழுக்காது. வெயிட் எவ்ளோ?"

"அம்பத்தி ரெண்டு" என்றாய், கண் இமைக்காமல்.

உன் கைப்பையும் குடையுமாக வாசலில் நின்ற நான், சிரிப்பை மறைக்க இருமினேன். முந்தின வாரம்தான் கிள்ளான் மருந்துக்கடை எடை மெஷினில் என்னை ஏற்றிவிட்டு, உன் முறை வந்ததும் நழுவியிருந்தாய். கடைக்காரர் உன்னை மேலும் கீழும் பார்த்தார். நீ குனிந்து ஏதோ கிசுகிசுத்தாய். விலை பேசுகிறாய் என்று நினைத்தேன். மூன்று மீட்டர் பட்டம் ஒன்று வந்தது. நான்கு கயிறு, இரண்டு கைப்பிடி. "நீலமா, மஞ்சளாடி?" என்று என்னைக் கேட்டாய். மஞ்சள் என்றேன்.

பாகான் லாலாங்கில் பட்டம் அழகாக ஏறியது. நீ வண்டியில் உட்கார்ந்தாய். வண்டி அசையவில்லை. பட்டம் இழுத்தது, முக்கியது, சக்கரம் இன்னும் கொஞ்சம் மணலில் புதைந்ததுதான் மிச்சம். தள்ளுவதற்கு வந்த பையன்கள் சிரிப்பு தாங்காமல் உட்கார்ந்துவிட்டார்கள். "காத்து சரியில்ல" என்று எழுந்து, என் கையிலிருந்த பைகளைப் பிடுங்கிக்கொண்டாய். "சும்மா டெஸ்ட்டுக்கு நீ உக்காரு லா. பயமா இருந்தா கைப்பிடியை விட்டுடு, பட்டம் தானா விழுந்துடும்."

உட்கார்ந்தேன். இழுத்ததே ஓர் இழு! எனக்குள் அப்படி ஒரு சத்தம் இருந்தது அன்றுதான் தெரியும். கத்திக்கொண்டே போனேன், கைப்பிடியை விட்டேன், நின்றேன். பிறகு நானாகவே, "இன்னொரு தடவை" என்றேன்.

அதற்குப் பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையும் காற்று உனக்குச் சரிப்பட்டதே இல்லை. "எனக்கு அடுத்த மாசம் பெருசா ஒண்ணு வாங்கிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே, பைகளை மடியில் அடுக்கி, இருவர் பங்கு நாசி லெமாக்கையும் முடித்துவிடுவாய். எடையில் பொய் சொன்னால் இதுதான் கதி என்று நான் கேலி செய்யாத வாரம் இல்லை. நீயும் மறுத்ததே இல்லை. பிறகு ஒரு மழைக்காலத்தில், நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. இப்போதும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

இன்று அதே மாடிக்கடைக்குப் போனேன். அதே கடைக்காரர், தலை மட்டும் நரைத்திருந்தது. நான் எடையைச் சொல்வதற்குள் அவரே, "அம்பத்தி ரெண்டு தானே?" என்றார்.

"எப்படிண்ணே தெரியும்?"

"அந்தப் பெரிய அக்கா சொன்னாங்களே. 'வாசல்ல பையைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறா பாருங்க, அவளுக்குத்தான். சொல்லிடாதீங்க லா, சொன்னா வேணாம்னு ஓடிடுவா'ன்னாங்க."

கடை நடுவில் நின்று சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். பாவம், அவர் பயந்துபோய் நாற்காலி எடுத்துப் போட்டார். அடிப்பாவி, உன்னைக் குண்டு என்று நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்க விட்டுவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாயே!

மறுபடியும் மூன்று மீட்டர்தான் எடுத்தேன். மஞ்சள்தான். படி இறங்கும்போது, "கார் வரைக்கும் நான் தூக்கிட்டு வரட்டுமாக்கா?" என்று கடைக்காரர் கையை நீட்டினார்.

"வேணாம்ணே," என்றேன். "இது என்னோட பை."