சட்டைப் பையில் அடித்த மணி

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுவது. போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று பதறாதே. நீ வாங்கித் தந்த போன் உடைந்து, போலீஸ் ஸ்டேஷனில் சாட்சியாக இருக்கிறது. நான் பக்கத்து வீட்டுத் தையல்காரியோடு இருக்கிறேன். கட்டு இடது கையில்தான், எழுத முடிகிறது.

போன தடவை வந்தபோது எழுத்தைப் பெரிதாக்கி, வேண்டாததையெல்லாம் எடுத்துவிட்டு, உன் படம், அப்பா படம், தையல்காரி படம் மட்டும் முகப்பில் வைத்துக் கொடுத்தாய். தொட்டாலே போதும் என்றாய். என் காய்ந்த விரலுக்கு அது லேசில் மசியவில்லை. "குத்தாதீங்கக்கா, மெதுவா தொட்டுட்டு விரல எடுத்துடுங்க" என்று தையல்காரிதான் பொறுமையாகப் பழக்கினாள். அப்பாவுக்கு அது ஆகவில்லை. "கெழவிக்கு யார்கூட அப்படி என்ன பேச்சு?" என்று கறுவிக்கொண்டே இருந்தார்.

வியாழக்கிழமை நீ அனுப்பிய குழந்தை வீடியோவைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அப்பா குக்கர் மூடியை எடுத்து முகத்தில் அடித்தார். விழுந்தேன். இடுப்பில் மிதித்தார். எழுந்திருக்கக் கையை ஊன்றினால் அதன் மேலும் மிதித்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அலமாரிக்கடியில் கிடந்த போனை ஊர்ந்துபோய் எடுத்தேன். ரத்தத்தில் விரல் வழுக்கியது. நைட்டியில் துடைத்துவிட்டுத் தொட்டேன். கண் மங்கியதில் படம் மாறிவிட்டது.

அப்பாவின் சட்டைப் பையில் மணி அடித்தது.

பிடித்திருந்த என் தலைமுடியை விட்டுவிட்டுப் போனை எடுத்துப் பார்த்தார். அதில் என் முகம் வந்திருக்கும். அப்படியே நின்றுவிட்டார். அதற்குள் தையல்காரி படத்தைத் தொட்டுவிட்டேன். பேச வாய் வரவில்லை. நான் முனகியது மட்டும் அவளுக்குக் கேட்டதாம். அவர் போனைப் பிடுங்கிச் சுவரில் அறைந்து, என் கழுத்தில் கை வைத்தபோது அவளும் அவள் வீட்டுக்காரரும் கதவை உடைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

போலீஸ்காரம்மா, "இதுதான் முதல் தடவையாம்மா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிளந்த உதட்டில் மறுபடி ரத்தம். உன்னிடம் சொல்லாததையெல்லாம் அவரிடம் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

குழந்தைக்கு என் முத்தம். உன் வீட்டில் யாருடைய கையும் யார் மேலும் ஓங்காமல் இருக்கட்டும்.

ஜாமீனில் வந்ததும் அவர் உன்னைத்தான் கூப்பிடுவார், அழுவார். அவர் அழுதால் நீ தாங்க மாட்டாய். பேசு, உனக்கு அவர் அப்பா. ஆனால் அதற்குப் பிறகு என்னிடம் "அப்பா பாவம்மா" என்று மட்டும் சொல்லிவிடாதே, கண்ணே. நீ சொன்னால் நான் அவரிடமே திரும்பிப் போய்விடுவேன்.

என்றும் உன்,
அம்மா