தூக்கும்போது பிடித்த மூச்சு

ஜூன் 11, செவ்வாய்
காலையில் என் வீட்டுக்காரரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது எனக்கு இடுப்பு மறுபடி பிடித்துக்கொண்டது. சுவரில் கை ஊன்றி நின்றேன். "ஜாஸ்தியா இருக்கா?" என்றார். இல்லை என்றேன். பக்கவாதம் வந்தபின் அவருக்குப் பேச்சுதான் குழறுகிறது. கண்ணுக்கு எதுவும் தப்புவதில்லை. இடுப்பு பெல்ட்டை இன்னும் இறுக்கிப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.

ஜூன் 15, சனி
சிதம்பரத்திலிருந்து அவருடைய அக்கா மங்கலம் அண்ணி கடலூருக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். சுற்றி வளைக்கிற பழக்கம் கிடையாது.
"என் தம்பி அருள நான் கூட்டிக்கிட்டுப் போறேன். எங்க வூட்ல எம் புள்ள ராஜவேலும் அவுங்க அப்பாவும் இருக்காங்க. தூக்க ஆளு இருக்கு."
"வேணாம் அண்ணி. நான் பாத்துக்குவேன்."
"குனிஞ்சு தொடப்பம் எடுக்க முடியல, நீ எங்க பாத்துக்குறது?"
பகலில் பக்கத்து வீட்டு ஞானாம்பாள் பார்த்துக்கொள்கிறார். என் புருஷனைத் தூக்குவது மட்டும் நான்தான், மூன்று வருஷமாக. அதை விட்டால் ஊர் என்ன சொல்லும்? ஊர் கிடக்கட்டும் — நான் என்னை என்ன சொல்லிக்கொள்வேன்?

ஜூன் 22
அண்ணி பிடிவாதத்தில் சிதம்பரத்தில் ஒரு பிசியோதெரபிஸ்டைப் பார்த்தேன். அனுப்பிரியா என்று பெயர், சின்னப் பெண். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, இந்த வயதில் எல்லோருக்கும் இருக்கிற தேய்மானம்தான் என்றாள். முதுகை அமுக்கிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். மல்லாக்கப் படுக்கவைத்து வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"மூச்சு தோள்லயே நின்னுடுது மேடம். கீழ எறங்கவே இல்ல."
நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு தசை, உதரவிதானம். மூச்சை இழுப்பது அது. பாரம் தூக்கும்போது உள்ளேயிருந்து முதுகுத்தண்டுக்கு முட்டுக்கொடுப்பதிலும் அதற்குப் பங்கு உண்டாம். நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் சிலருக்கு அது சீக்கிரம் களைத்துப்போகிறதாம்.
"எல்லாருக்கும் இதான் காரணம்னு சொல்லமாட்டேன். ஒங்களுக்கு இங்கேர்ந்து ஆரம்பிச்சிப் பாக்கலாம்."
ஒரு மணல் பையைத் தூக்கச் சொன்னாள். தூக்கினேன். "இப்ப மூச்சு விட்டீங்களா?"
தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை.
வாயில் வைத்து மூச்சை இழுக்க ஒரு சின்னக் குழாய் கொடுத்தாள். அதன் திருகை இறுக்கினால் காற்று வருவது கடினமாகும். பெல்ட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொன்னாள்.

ஜூன் 25
குழாயை இழுத்தேன். தலை சுற்றியது. வைத்துவிட்டேன்.

ஜூன் 28
படுத்துக்கொண்டு வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். அசைவே இல்லை. பக்கத்தில் படுத்திருந்தவர் இடது கையை நீட்டி, என் கையை நகர்த்திவிட்டு, தன் கையை வைத்தார். "இங்க... வரணும்."
வந்தது. கொஞ்சம்.

ஜூலை 9
விழுந்துட்டோம். ரெண்டு பேருமே. தூக்குனேன், இடுப்புல சுருக்குன்னுச்சு, காலு நிக்கல — அவரு மேலயே நான் விழுந்தேன். ஞானாம்பாள் ஓடி வந்து தெருவுல ஆள் கூப்பிட்டாங்க. அடி ஒண்ணும் பெருசா இல்ல. ஆனா தரையில கெடந்தப்போ அவரு சொன்னாரு, "அக்காகிட்ட அனுப்பிடு." ஒரு எழுத்துகூடக் குழறல. இத்தனை நாளா மனசுல வச்சிருந்தாரா? நான் எதுல கொற வச்சேன்?

ஜூலை 13
ராஜவேல் கார் எடுத்துவந்தான். அவர் சிதம்பரத்துக்குப் போய்விட்டார்.

ஜூலை 24
சாயங்காலம் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுபோயிருந்தது. மூச்சும்தான். எதற்கு என்று யோசித்தால் — அவர் கூப்பிடுகிறாரா என்று காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன். யாருமில்லாத வீட்டில்! துணி பிழியும்போது, கதவைப் பூட்டும்போது, குளிக்கும்போதுகூட மூன்று வருஷமும் இப்படித்தான் நின்றிருக்கிறேன் போல. அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்தபின் மூச்சு தானாக அடிவயிறு வரைக்கும் போனது.

ஆகஸ்ட் 2
பெல்ட் இல்லாமல் ஆபீசுக்குப் போனேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு
வலி நன்றாகவே குறைந்திருக்கிறது. மூச்சுப் பயிற்சியாலா, அவரைத் தூக்காததாலா? நேற்று அனுப்பிரியாவிடம் கேட்டேன். "ரெண்டும் இருக்கலாம் மேடம்" என்றாள். வலியைக்கூடத் தாங்கிவிடலாம். இந்தப் பதிலைத் தாங்கமுடியவில்லை.
இன்று அவரிடம் போய், "எனக்கு இப்பத் தேவலாங்க. வாங்க, வூட்டுக்குப் போலாம்" என்றேன்.
தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. "நீ... வா."
உள்ளேயிருந்து அண்ணி, "ஏம்மா, என் தம்பிய நீ ஒருத்திதான் தூக்கணுமா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை.
பஸ்ஸில் கடலூர் வரும்வரை அந்தக் கேள்வியோடுதான் வந்தேன்.

ஆகஸ்ட் 30
வீட்டு ஓனரிடம் காலி செய்வதாகச் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 15, சிதம்பரம்
இங்கிருந்தே தினமும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிற ஆபீசுக்குப் போய்வருகிறேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போது இடுப்பில் லேசான வலி. முழுக்கப் போகாது என்று தோன்றுகிறது. போகட்டும்.
காலையில் ராஜவேலும் அவன் அப்பாவும் அவரைத் தூக்கினார்கள். எனக்கு வேலையில்லை, எதிரில் நின்றேன். நான் தூக்கும்போது என் முகம் அவர் தோளில் புதைந்திருக்கும். அந்த நேரத்தில் அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. இன்றுதான் பார்த்தேன். கண்ணை இறுக்க மூடி, பல்லைக் கடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.
"மூச்ச விடுங்க" என்றேன்.
கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நாற்காலியில் உட்காரவைத்த பிறகுதான் விட்டார்.
நாளைக்கு, தூக்குவதற்கு முன்பே சொல்ல வேண்டும்.